தாய் காட்டிய வழியும் பிறர்க்கென வாழும் முயற்சியும்

மலர்க் குழு நண்பர்கள் இந்த ஆண்டு என்னிடம் கட்டுரை கேட்டபோது, "பெற்றோரைப் பற்றி நெகிழ்ச்சியாக ஒண்ணு எழுதிக் கொடுங்களேன்" என்றார்கள். நெகிழ்ச்சியாக எழுதுவது சுலபம். நம்மில் யாருக்கு அம்மாவைப் பற்றி எழுத வராது? ஆனால் பல வருடமாக என்னைக் குடைந்துகொண்டிருக்கும் கேள்வி வேறு. பிறருக்காகவே வாழ்ந்த ஒரு தாய்க்கோ தகப்பனுக்கோ பிள்ளையாகப் பிறந்துவிட்டால் அந்தக் குணம் தானாக வந்துவிடுமா? வராது என்பதற்கு நானே சாட்சி. அப்படியென்றால் பெற்றவர்களிடமிருந்து பிள்ளைக்கு வந்து சேருவதுதான் என்ன? அதைத்தான் இங்கே எனக்குத் தெரிந்த அளவில் எழுதிப் பார்க்கிறேன்.

புறநானூற்றில் 182ஆம் பாடல் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி என்ற பாண்டியன் பாடியது. இந்த உலகம் எதனால் நிலைத்திருக்கிறது என்பதுதான் பாட்டின் பொருள். அமிழ்தமே கிடைத்தாலும் தனியாக உண்ணாத சிலர் இருப்பதால்தான் என்று சொல்லிக்கொண்டே போய், கடைசியில் அவர்கள் தமக்காக அல்லாமல் பிறருக்காக முயல்கிறவர்கள் என்று முடிக்கிறார். பள்ளியிலும் மேடையிலும் இந்தப் பாட்டை நாம் எத்தனையோ முறை கேட்டிருப்போம். ஆனால் நம் கண்ணில் படாமல் போகிற ஒன்று உண்டு. அவர்கள் இயல்பிலேயே நல்லவர்கள் என்று புலவர் விட்டுவிடவில்லை. முயற்சி என்கிறார். முயற்சி என்றால் தோல்வியும் சலிப்பும் உண்டு, நாளைக்கு மறுபடியும் செய்தாக வேண்டும் என்பதும் உண்டு. வள்ளுவரும் ஈகைக்கு முந்தைய அதிகாரத்துக்கு ஒப்புரவறிதல் என்றுதான் பெயர் வைத்திருக்கிறார். அறிதல் என்றால் கற்றுக்கொள்ள வேண்டிய விஷயம் என்றுதானே அர்த்தம்!

இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே ஒரு தாயும் மகனும் எடுத்துக்காட்டாக இருக்கிறார்கள். தாயின் பெயர் எல்லோருக்கும் தெரியும். தமிழ்நாட்டில் கர்ப்பிணிப் பெண்களுக்கு வழங்கும் மகப்பேறு நிதியுதவித் திட்டம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில்தான் இருக்கிறது. ஊரில் நம் தங்கைகளும் மருமகள்களும் "முத்துலட்சுமி பணம் வந்துடுச்சா?" என்று பேசிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். பெயர் தெரிந்த அளவுக்கு ஆளைத் தெரியாது, அவ்வளவுதான்.

1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் குலம். தந்தை நாராயணசாமி அய்யர் மகாராஜா கல்லூரி முதல்வர். பெண் பிள்ளை பூப்படைந்தால் படிப்பு முடிந்தது என்றிருந்த காலத்தில் தந்தை வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார். பிறகு பையன்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியிலேயே சேர்த்தார்கள். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912இல் பட்டம். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியைத் திருமணம் செய்துகொண்டபோது, தன்னைச் சமமாக மதிக்க வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று நிபந்தனை போட்டுத்தான் சம்மதித்தார். பின்னால் அந்த வீட்டில் நடந்ததையெல்லாம் பார்க்கும்போது அந்த நிபந்தனையின் அருமை புரிகிறது.

சென்னை சட்ட மேலவை உறுப்பினர், 1927இல் அதன் துணைத் தலைவர், தேவதாசி முறை ஒழிப்பு என்று அவருடைய பொது வாழ்க்கை பெரியது. அதை விரிவாக எழுத இங்கே இடம் போதாது. எனக்கு வேண்டியது இரண்டு சம்பவங்கள்தான்.

முதலாவது 1923இல் நடந்தது. அவருடைய தங்கை சுந்தராம்பாள் இள வயதிலேயே புற்றுநோயால் இறந்துபோனார். அக்கா ஒரு டாக்டர், அத்தானும் டாக்டர். பக்கத்திலேயே இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அப்போது இந்த நோய்க்கென்று தென்னாட்டில் தனி மருத்துவமனை கிடையாது. ஒன்று கட்டியாக வேண்டும் என்று அந்த அம்மா மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டார். அந்த முடிச்சு அவிழ 31 வருடம் ஆயிற்று.

இரண்டாவது 1930இல். பொட்டுக்கட்டும் வழக்கத்திலிருந்து தப்பித்து வந்த இளம் பெண்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். நகரத்தில் இருந்த விடுதிகள் அவர்களைச் சேர்த்துக்கொள்ள மறுத்தன. சட்டம் போடுவது ஒரு பக்கம் இருக்கட்டும், இந்தப் பெண்கள் இன்று ராத்திரி எங்கே படுப்பார்கள்? தன் வீட்டிலேயே தங்க வைத்துக்கொண்டார். அவ்வை இல்லம் அப்படித்தான் தொடங்கியது. அப்போது அவருடைய இளைய மகன் கிருஷ்ணமூர்த்திக்குப் பத்து பதினோரு வயது. தன் வீடு தனக்கு மட்டுமல்ல என்பதை அந்த வயதிலேயே பார்த்து வளர்ந்த பிள்ளை.

இந்த இடத்தில் எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லாமல் நகர முடியவில்லை. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் அப்பா ஊத்தங்கரை பக்கத்திலிருந்து 1978இல் பொம்மனஹள்ளிக்கு வந்தார். ஓசூர் ரோட்டை ஒட்டிய ஒரு சின்ன லேத் பட்டறையில் டர்னர் வேலை. ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாக ஆறு வீடு, எங்களுடையது மூன்றாவது. ஒரு அறை, ஒரு சமையலறை, அவ்வளவுதான். பொதுக் குழாயில் விடிகாலை தண்ணீர் பிடிக்க வேண்டும். இன்றைக்கு மேம்பாலமும் மெட்ரோவும் தலைக்கு மேலே ஓடுகிற பொம்மனஹள்ளியை மட்டும் பார்த்தவர்களுக்கு அந்த ஊரைக் கற்பனை செய்வது கஷ்டம். பட்டறைகளும் கார்மெண்ட்ஸ் கம்பெனிகளும் ராகி வயல்களும் கலந்து கிடந்த இடம்.

பொம்மனஹள்ளியில் பஸ் ஏறி, மடிவாளா வழியாக ஓசூர் ரோட்டிலேயே நேராகப் போனால் கிதுவாய் புற்றுநோய் மருத்துவமனை. 1973இல் தொடங்கிய அரசு நிறுவனம். நிம்ஹான்ஸும் அதே ரோட்டில். தர்மபுரி மாவட்டக்காரர்களுக்கு (அப்போது கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆகவில்லை) சென்னையைவிட பெங்களூர்தான் பக்கம். அதனால் ஊரில் யாருக்குக் கட்டி என்றாலும், "பொம்மனஹள்ளியில நம்ம ஆளுங்க இருக்காங்க" என்று விலாசம் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

முதலில் வந்தவர் 1986இல், அப்பாவுக்கு மாமன் முறை. அதற்குப் பிறகு வரிசை நிற்கவில்லை. சொந்தம், சொந்தத்துக்குச் சொந்தம், ஒரே ஊர், பக்கத்து ஊர். அம்மா யாரையும் ஏன் வந்தீர்கள் என்று கேட்டதில்லை. கன்னடம் படிக்கத் தெரியாது. ஆனால் எந்த ஜன்னலில் சீட்டு வாங்க வேண்டும், எந்த வாசலில் எத்தனை மணிக்கு உட்கார வேண்டும் என்பதெல்லாம் மனப்பாடம். வாய்ப்புண் வந்தவர்களுக்கு உப்பும் காரமும் இல்லாமல் ராகிக் கஞ்சியை ஆற வைத்துத் துணியில் வடிகட்டித் தருவார். கழுத்திலும் கன்னத்திலும் டாக்டர்கள் மையால் கோடு போட்டு அனுப்பியிருப்பார்கள். "குளிக்கும்போது கோட்டைத் தேய்ச்சிடாதீங்க, அழிஞ்சா மறுபடி முதல்ல இருந்து போடணும்" என்று தினமும் எச்சரிப்பார். காம்பவுண்டில் சிலர் இந்த நோய் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்தார்கள். வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லி இரண்டு முறை எச்சரித்தார். புற்றுநோய் தட்டிலும் டம்ளரிலும் தொற்றுகிற நோய் அல்ல. அம்மாவுக்கு அதற்கான விஞ்ஞானம் தெரியாது. வந்தவர் சாப்பிட்ட தட்டைக் கழுவி அதிலேயே தானும் சாப்பிட்டுக் காட்டினார்.

இதையெல்லாம் இப்போது பெருமையாகச் சொல்கிறேன். அப்போது எனக்கு எரிச்சல்தான். 1991இல் நான் எஸ்.எஸ்.எல்.சி. அந்த ஜனவரியில் ஒரு பெரியப்பா முறைக்காரர் வந்து தங்கினார். வெற்றிலையும் புகையிலையும் போட்டுப் போட்டு கன்னத்தின் உள்பக்கம் புற்று. மொத்தம் 33 கரண்ட் வைக்கச் சொல்லியிருந்தார்கள் (கதிர் சிகிச்சைக்கு நம் ஜனங்கள் வைத்த பெயர் அதுதான்). ராத்திரி முழுக்க முனகுவார். ஒரே அறை. ஒருநாள் பொறுக்க முடியாமல், "இது வீடா ஆஸ்பத்திரியா? நான் ஃபெயில் ஆனா யாரு பொறுப்பு?" என்று கத்திவிட்டேன். அம்மா திட்டவில்லை. "மாடிக்குப் போய்ப் படி, விளக்கு எடுத்துட்டு வரேன்" என்று மட்டும் சொன்னார்.

நான்கைந்து நாள் கழித்து பெரியப்பா ஊருக்குக் கிளம்பிவிட்டார். சிகிச்சை முடிந்துவிட்டது என்றே நான் நினைத்தேன். பரீட்சை எழுதினேன், பாஸ் பண்ணினேன். அந்த வருஷம் ஆடி மாதம் அவர் இறந்துபோனதாகக் கடிதம் வந்தது.

அம்மா 2019இல் காலமானார். பெட்டியைச் சுத்தம் செய்தபோது பழைய பால் கணக்கு நோட்டு ஒரு கட்டு கிடைத்தது. எங்கள் வீட்டுக்கு வழக்கமாக அரை லிட்டர். யாராவது தங்கியிருக்கும் நாட்களில் மட்டும் ஒரு லிட்டர். அந்த நோட்டைப் பார்த்தே யார் எத்தனை நாள் தங்கினார்கள் என்று சொல்லிவிடலாம். 1991ஆம் வருடத்துப் பக்கத்தில், ஜனவரி மாதம் ஒரு லிட்டரான பால் பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமையோடு அரை லிட்டராகிவிட்டது. சனி, ஞாயிறு கரண்ட் கிடையாது. அந்த இரண்டு நாளையும் கழித்து எண்ணினேன். 22 நாள். முப்பத்திமூன்றில் இருபத்திரண்டு.

இந்தக் கணக்கின் பொருள் என்ன என்பதை நம் குடும்பங்கள் தெரிந்துகொள்வது நல்லது, ஆகவே கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். கதிர் சிகிச்சையை ஏன் ஒரே நாளில் கொடுத்து முடித்துவிடுவதில்லை? முழு அளவையும் ஒரே தடவையில் கொடுத்தால் கட்டியோடு சேர்ந்து சுற்றியுள்ள நல்ல தசையும் வெந்துபோகும். அதனால் தினமும் சிறிது சிறிதாகக் கொடுக்கிறார்கள். ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் இடையில் நல்ல செல்கள் தங்களைப் பழுது பார்த்துக்கொள்கின்றன. புற்று செல்களுக்கு அந்தத் திறமை குறைவு. வாரத்தில் 5 நாள், ஐந்திலிருந்து ஏழு வாரம் வரை என்று கணக்குப் போடுவது இதனால்தான். பாதியில் விட்டால் என்ன ஆகும்? மிச்சமிருக்கும் புற்று செல்கள் மறுபடி பெருகத் தொடங்கும். வாய், தொண்டைப் புற்றில் நாட்களைத் தள்ளிப்போடுவதே சிகிச்சையின் பலனைக் குறைத்துவிடும் என்று மருத்துவம் உறுதியாகச் சொல்கிறது.

இன்னொரு பக்கம், தினமும் இயந்திரத்தின் கீழே படுத்திருப்பது சில நிமிடங்கள்தான். அதற்காக ஏழு வாரமும் படுக்கை கொடுத்து வைத்துக்கொள்ள எந்த மருத்துவமனையாலும் முடியாது. ஊர் பக்கமாக இருப்பவர் வந்து போவார். வெளியூர்க்காரர் எங்கே போவார்? லாட்ஜுக்குக் கொடுக்கக் காசு இல்லை, ஊரில் ஆடு மாட்டைப் பார்க்க ஆள் இல்லை, தங்கிய வீட்டில் முகம் சுளிக்கிறார்கள். மூட்டையைக் கட்டிவிடுவார். சிகிச்சை இலவசமாகவே கிடைத்தாலும், படுக்க ஒரு பாயும் குடிக்க ஒரு வேளைக் கஞ்சியும் இல்லாததால் பாதியில் நின்றுபோகும். மருந்துச் சீட்டில் வராத மருந்து அந்தப் பாயும் கஞ்சியும்தான். பாக்கி 11 கரண்டையும் வைத்திருந்தால் பெரியப்பா பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. அவர் ஏன் கிளம்பினார் என்பது அம்மாவுக்குத் தெரியும். 28 வருடம் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சென்னைக்குத் திரும்புவோம். முத்துலட்சுமி அம்மையார் 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் புற்றுநோய் மருத்துவமனை என்ற பேச்சைப் பகிரங்கமாக எடுத்தார். ஆதரவு கிடைக்கவில்லை. இந்த நோய் வந்தால் சாகத்தானே போகிறார்கள், அதற்கெதற்குத் தனி மருத்துவமனை என்று பொறுப்பில் இருந்தவர்களே கேட்டதாக டாக்டர் சாந்தா பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். அம்மையார் விடவில்லை. 1917இல் அடையாற்றில் தொடங்கப்பட்ட இந்திய மாதர் சங்கத்தின் வழியாக 1949இல் ஒரு நிவாரண நிதியை ஏற்படுத்தி வீடு வீடாக, ஆள் ஆளாகக் கேட்டார். 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் மாதம் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. படுக்கை 12. அம்மையாருக்கு வயது 68 நெருங்கிக்கொண்டிருந்தது.

மகன் கிருஷ்ணமூர்த்தி இதற்குள் டாக்டராகி, வெளிநாட்டில் புற்றுநோய் மருத்துவமும் பயின்று திரும்பியிருந்தார். நல்ல வருமானத்துக்கு வழி இருந்தும் அம்மாவின் 12 படுக்கைக்கு வந்தார். 1955இல் அங்கே வந்து சேர்ந்தவர் சாந்தா. அரசுப் பணித் தேர்வில் தேறி, மகளிர் மருத்துவமனையில் நல்ல வேலை கைக்கு வந்தும் அதை விட்டுவிட்டு வந்தார். மூன்று வருடம் சம்பளம் வாங்காமல் வேலை. பிறகு மாதம் 200 ரூபாயும், வளாகத்துக்குள்ளேயே தங்க இடமும். 2021 ஜனவரியில் இறக்கும்வரை அந்த வளாகம்தான் அவருக்கு வீடு. சர். சி. வி. ராமன் அவருக்குப் பாட்டனார் முறை, சந்திரசேகர் மாமா முறை. அந்தக் குடும்பத்துப் பெண் எந்த நாட்டுக்கு வேண்டுமானாலும் போயிருக்கலாம். முத்துலட்சுமி அம்மையாருக்கும் அவருக்கும் இரத்த உறவு கிடையாது. ஆனாலும் கிருஷ்ணமூர்த்திக்குக் கிடைத்த அதே சொத்து அவருக்கும் கிடைத்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தச் சொத்து என்ன என்று பார்த்தால், குணம் அல்ல, வேலை. அம்மா முடிக்காமல் வைத்த வேலை.

கிருஷ்ணமூர்த்தியிடம் நான் வியக்கும் விஷயம், அவர் அம்மாவைப் போலச் செய்யவில்லை என்பது. அம்மா மேடையில் பேசினார், சட்டமன்றத்தில் வாதாடினார், கதவைத் தட்டியவர்களை உள்ளே அழைத்தார். மகன் அதிகம் பேசாத மருத்துவர். இரக்கத்தை ஒரு தொழில் ஒழுங்காக மாற்றியதுதான் அவர் செய்தது. 1956இல் இந்தியாவின் முதல் கோபால்ட்-60 கதிர் இயந்திரம் கனடாவிலிருந்து அடையாற்றுக்கு வந்தது. 1960இல் குழந்தைகளுக்கான தனிப் பிரிவு. இந்த நோய்க்கு மருத்துவம் பார்ப்பதைத் தனிப் படிப்பாக்க வேண்டும் என்று போராடி, 1984இல் நாட்டிலேயே முதன்முறையாகப் புற்றுநோய் மருத்துவத்தில் உயர் பட்டப் படிப்புகள் அங்கே தொடங்கின. சிகிச்சை முடிந்து போனவர் எப்படி இருக்கிறார் என்று விடாமல் கேட்டு எழுதி வைப்பதும் அங்கே ஒரு வழக்கம். பார்க்கச் சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் எந்தச் சிகிச்சை பலித்தது என்பது அந்தப் பதிவேட்டில்தான் தெரியும். எங்கள் அம்மாவின் பால் நோட்டு மாதிரி.

சாந்தாவுக்கு 2005இல் மகசேசே விருது கிடைத்தபோது, ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் நோயாளிகள், அவர்களில் சுமார் 60 விழுக்காட்டினருக்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை என்று குறிப்பிட்டார்கள். 2016இல் பத்ம விபூஷண். கிருஷ்ணமூர்த்தி 2010இல் மறைந்தார். அவருடைய பெயரைச் சொன்னால் நம்மில் பாதிப் பேருக்கு யாரென்று தெரியாது. அம்மாவின் பெயருக்கும் தன்னிடம் வந்து சேர்ந்தவரின் பெயருக்கும் நடுவில் அமைதியாக நின்றுவிட்டார். அதிலும் அவருக்கு ஒரு வருத்தம் இருந்த மாதிரித் தெரியவில்லை.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு ஒரு பாரம் இறங்கியது. அம்மாவின் பொறுமை எனக்கு வராது. ஐம்பது வயதில் இனி வரவும் போவதில்லை. ராத்திரி முனகல் கேட்டால் இப்போதும் தூக்கம் கெட்டு எரிச்சல்தான் வரும். ஆனால் அம்மா விட்டுப்போனது பொறுமையை அல்லவே. பாதியில் நின்ற ஒரு கணக்கை அல்லவா விட்டுப்போனார்! அதை என் வழியில் செய்யலாம். நான் இருப்பது பொம்மனஹள்ளியிலேயே ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. மூன்று அறை. மூன்றாவது அறையில் நாங்கள் பயன்படுத்தாத உடற்பயிற்சி சைக்கிள் ஒன்று துணி காயப்போட உதவிக்கொண்டிருந்தது.

2020க்குப் பிறகு, தெரிந்தவர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு சின்ன ஏற்பாடு செய்திருக்கிறோம். சங்கம் என்று சொல்கிற அளவுக்கு ஒன்றும் இல்லை. ஒரு நோட்டு, ஏழெட்டு வீட்டு விலாசம், அவ்வளவுதான். ஊரிலிருந்து கரண்டுக்கு வருகிறவர் யார், எத்தனை தடவை, எந்தத் தேதியில் முடியும் என்று முதலிலேயே கேட்டு எழுதிக்கொள்வோம். ஒரு வீட்டில் இரண்டு வாரத்துக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. இது அம்மாவுக்குப் பிடித்திருக்காது, "வந்தவங்களைப் பந்து மாதிரி உருட்டறதா?" என்று கேட்டிருப்பார். ஆனால் ஒரே வீட்டின் மீது மொத்தச் சுமையும் விழுந்தால் அந்த வீட்டில் ஒருவர் கத்துவார், வந்தவர் மூட்டையைக் கட்டுவார். அது எனக்குத் தெரிந்த அளவுக்கு அம்மாவுக்குத் தெரியாது. ஒருநாள் யாராவது போகாமல் விட்டால் மறுநாள் காலையில் ஏன் என்று கேட்டு ஒருவர் போன் செய்ய வேண்டும். அந்தப் பொறுப்பு என்னுடையது. எனக்கு எண்ணத் தெரியும் என்பதால்.

சிக்கல்கள் இல்லாமல் இல்லை. குடியிருப்புச் சங்கத்தில் வெளியாட்கள் தங்கினால் பெயர் எழுதித் தர வேண்டும், லிஃப்டில் சிலர் ஒதுங்கி நிற்கிறார்கள். ஒருவர் கேட்டே விட்டார், இது ஒட்டிக்கொள்ளாதா என்று. 1980களில் காம்பவுண்டில் கேட்ட அதே கேள்வி, அதே கன்னடத்தில். வந்தவர்களிலும் எல்லோரும் நன்றியோடு போவதில்லை. ஒருவர் சாப்பாடு சரியில்லை என்று ஊரில் போய்ச் சொன்னார். கேட்டு இரண்டு நாள் மனசு சரியில்லை, பிறகு அந்த வாரத்து நோட்டைப் பார்த்தேன். அவருக்கு எழுதிய அத்தனை தடவையும் முடித்துவிட்டுத்தான் போயிருந்தார். இப்போது தமிழ்நாட்டு ஊர்களிலேயே வசதி பெருகி வருவதால் வருகிறவர்கள் முன்போல் இல்லை. அதுவும் நல்லதுக்குத்தான்.

போன வாரம் ஊத்தங்கரையிலிருந்து ஒரு போன். கர்ப்பப்பை வாய்ப் புற்று, 25 கரண்ட், அதற்குப் பிறகும் சில நாள் உள் சிகிச்சை உண்டு. கணவனும் மனைவியுமாக வருவார்கள். முதல் இரண்டு வாரம் எங்கள் வீட்டு முறை. என் மகள் இப்போது இரண்டாம் ஆண்டு பி.யூ.சி., மார்ச்சில் பரீட்சை. அந்த மூன்றாவது அறையில்தான் படிக்கிறாள். மனைவி "நீங்களே அவகிட்ட கேளுங்க" என்று சொல்லிவிட்டாள். கேட்டேன். 1991ஐப் பற்றியும் சொன்னேன், பால் நோட்டையும் காட்டினேன். அந்த வெள்ளிக்கிழமைக்கு நேரே விரலை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு வாரம்தானேப்பா?"

"ரெண்டு வாரம்தான். அப்புறம் வேற வீடு."

"சரி, யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்து போனாள்.

இதை எழுதும் வரை அவள் ஒன்றும் சொல்லவில்லை, நானும் இரண்டாம் முறை கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பஸ்ஸில் அவர்கள் வருகிறார்கள். சைக்கிளை மட்டும் பால்கனிக்கு நகர்த்தி வைத்திருக்கிறேன்.